மலைக்கு அந்தாண்ட கிரகணம்

அடி அண்ணாமலைக்கு நிலா தாமதமாகத்தான் வரும். கல்யாணமாகி வந்த முதல் பௌர்ணமியிலேயே அபிநயா அதைக் கவனித்துவிட்டாள். அவள் பிறந்து வளர்ந்தது மலைக்குக் கிழக்கே, டவுனைத் தாண்டி, திண்டிவனம் ரோட்டுப் பக்கம். அங்கே சாயங்காலம் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நிலாவோ வயல் வரப்பிலிருந்து எழுந்து நேரே வாசலுக்கு வந்துவிடும். மலைக்கு இந்தப் பக்கம் எல்லாம் தலைகீழ். மாலை வெயில் கடைசிச் சொட்டு வரை வீட்டுக்குள் கிடக்கும். நிலா மட்டும் மலையின் முதுகில் ஏறி முடித்து, சாவகாசமாகத் தலையை நீட்டும். கிரிவலம் வருகிற கூட்டத்துக்கு இது கண்ணில் படாது. அவர்கள் நடந்துகொண்டே இருப்பவர்கள். ஒரே வாசலில் மாதாமாதம் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியும்.

அபிநயா ஒரு காலத்தில் அப்படி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறவளாக இல்லை. பி.எஸ்சி. இயற்பியல் படித்து, பி.எட். முடித்து, வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டியில் வருவாள், ஸ்கூட்டியில் போவாள். கிரகணப் பாடம் என்றால் வகுப்பே குஷியாகிவிடும். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மேஜைமேல் ஒரு டார்ச் லைட், ஒரு பந்து, ஒரு எலுமிச்சம்பழம் வைப்பாள். டார்ச் சூரியன், பந்து பூமி, எலுமிச்சை நிலா. எலுமிச்சை குறுக்கே வந்து வெளிச்சத்தை மறைத்தால் சூரிய கிரகணம். பந்தின் நிழலுக்குள் எலுமிச்சை போய் விழுந்தால் சந்திர கிரகணம். அவ்வளவுதான் சங்கதி, பாம்புமில்லை பல்லியுமில்லை என்பாள். அப்படியென்றால் ஏன் எல்லாப் பௌர்ணமிக்கும் கிரகணம் வருவதில்லை என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருப்பாள். நிலாவின் பாதை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, மாதாமாதம் நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவித் தப்பித்துவிடும், எப்போதாவதுதான் மாட்டிக்கொள்ளும் என்று எலுமிச்சையைச் சாய்த்துக் காட்டுவாள்.

அதே பள்ளியில் வேதியியல் ஆசிரியரான இளஞ்செழியன், கதவோரம் நின்று இந்த எலுமிச்சைப் பாடத்தைப் பார்த்துத்தான் மயங்கினான். அவன் அடி அண்ணாமலைக்காரன். ஊரில் ஓர் அறிவியல் மன்றம் நடத்திவந்தான். மன்றம் என்றால் அவன், ஒரு பேனர், அப்புறம் அவனுடைய சிநேகிதர் ஜியாவுல்லா. டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜியாவுல்லாவிடம் ஒரு தொலைநோக்கி இருந்தது, அதனால் மன்றம் ஓடியது. கிரகணத்தன்று தாம்பாளத் தண்ணீரில் உலக்கை தானாக நிற்கும் என்று அம்மா எல்லம்மாள் ஒருமுறை சொல்லப்போக, கிரகணமே இல்லாத ஒரு புதன்கிழமை நடுவீட்டில் உலக்கையை நிறுத்திக் காட்டியவன் அவன். எல்லம்மாள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "சரி, நின்னுச்சு. எடுத்து ஓரமா வை, யாராச்சும் தடுக்கி வுழப் போறாங்க" என்றாள். அறிவியலுக்கும் சாஸ்திரத்துக்கும் அந்த வீட்டில் நடந்த சண்டை அப்போதெல்லாம் அந்த அளவில்தான் இருந்தது.

2022 தீபாவளிக்கு மறுநாள் வந்த சூரிய கிரகணம் அதை மாற்றியது. அப்போது அபிநயாவுக்கு ஐந்தாம் மாதம். சூரியன் மறைகிற நேரத்தில் பிடித்த கிரகணம். இளஞ்செழியன் அவளை மாடிக்கு அழைத்துப்போனான். அவளும் ஆசையாகத்தான் போனாள், அதை மறைக்க வேண்டியதில்லை. மேற்கே தடையே இல்லாத வானம். கிரகணக் கண்ணாடி வழியே பார்த்தால், ஓரத்தில் ஒரு கடி கடித்த அப்பளம் மாதிரி சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து எல்லம்மாள் கத்தினாள். இவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். கிரகணம் பார்க்க நம்ம மாடியை அடித்துக்கொள்ள இந்த ஊரில் வேறு இடம் இல்லை என்று இளஞ்செழியன் சொன்னான். சொன்னதோடு நிற்காமல் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டான்.

மூன்று வாரத்தில் குழந்தை இல்லாமல் போனது. கருவின் வளர்ச்சியிலேயே ஆரம்பத்திலிருந்து கோளாறு, யார்மேலும் தப்பில்லை என்று மருத்துவர் படம் போட்டு விளக்கினார். ஊர் மருத்துவரைக் கேட்டுக்கொண்டா பேசும்? பெற்ற பிள்ளையைக் கண்ணாடி போட்டுக் கொன்றவன் என்று டீக்கடையில் யாரோ சொன்னது இளஞ்செழியன் காதிலேயே விழுந்தது. அன்றிலிருந்து மன்ற மேடையில் அவன் குரல் ஒரு படி ஏறிவிட்டது. எல்லம்மாள் மருமகளுக்குப் பத்தியச் சோறு வடித்துப் போட்டாள், நடுநடுவே அவள் வயிற்றைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. அபிநயாவிடம் மட்டும் நீ என்ன நினைக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. பகலில் கேட்டிருந்தால் மருத்துவர் சொன்னதைச் சொல்லியிருப்பாள். இருட்டிய பிறகு கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது.

கொஞ்ச நாள் ஓய்வெடு என்றார்கள். பள்ளியிலிருந்து நின்றாள். உடம்பு குலுங்கக்கூடாது என்றார்கள். ஸ்கூட்டியில் தூசி படிந்தது. சும்மா இருந்தால் மனசு கெடும், வாசல் கடையில் உட்காரேன் என்றார்கள். கிரிவலப் பாதையை ஒட்டிய வீடு, முன்பக்கம் எல்லம்மாளின் சின்னக் கடை. தண்ணீர் பாட்டில், கற்பூரம், பிஸ்கட், பௌர்ணமிக்குச் சுக்கு காபி. உட்கார்ந்தாள். யாரும் அவளை அடைத்துவைக்கவில்லை என்றுதான் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒவ்வொரு வாசலாக, அன்போடு, அவள் நல்லதுக்காகவே சாத்தினார்கள். அன்பாகச் சாத்துகிற கதவைத் தட்டுவதற்குக் கை கூசும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இந்த மாசியில் அவளுக்கு மறுபடியும் ஐந்தாம் மாதம். ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் குழந்தை அசைவது அவளுக்கு இன்னும் தெரியவில்லை. முதல் குழந்தை கடைசி வரை அசையவே இல்லை என்பதால், உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஓர் அசைவு மட்டும்தான். சிலருக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரியும், பயப்படாதே என்றார் மருத்துவர். தினமும் மதியம் சாப்பிட்டுவிட்டு, இடது பக்கமாகப் படுத்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வீட்டைத் தவிர வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அசையட்டும், அப்புறம் சொல்லலாம் என்றிருந்தாள்.

ஒருநாள் பழைய பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் வாட்ஸாப்பில் வாழ்த்து அனுப்பியிருந்தாள், கூடவே ஒரு போஸ்டர். மார்ச் மூன்றாம் தேதி சந்திர கிரகணம். கர்ப்பிணிகள் அச்சமின்றிக் காணலாம். ஐந்து மாதக் கர்ப்பிணியான என் துணைவியார் முன்னிலையில், சிற்றுண்டியுடன், எங்கள் இல்லத்து மாடியில். கீழே இளஞ்செழியனின் பெயரும் போன் நம்பரும்.

அபிநயாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் வந்ததும் போனை நீட்டினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாங்க?"

"நீ பிசிக்ஸ் படிச்சவ அபி. உன்னைப் போய் கேக்கணுமா?" அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான்.

"அதில்லைங்க. நம்ம மாடியில இருந்து..."

"அம்மா ஒத்துக்க மாட்டாங்க, அதானே? அவங்கள நான் பாத்துக்கறேன்."

"நான் சொல்ல வந்தது வேற."

"அபி." அவன் குரல் உடைந்தது. "மூணு வருஷமா இந்த ஊரு என்னைய எப்படிப் பாக்குதுனு உனக்குத் தெரியாது. ஒரே ஒரு நாள். என்கூட வந்து நில்லு, போதும்."

அவளுக்குத் தெரியும். அதனால் அவன்மேல் இரக்கமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. அவள் சொல்ல வந்தது சின்ன விஷயம். அன்றைக்குக் கிரகணம் பிற்பகல் மூன்றே காலுக்கு மேல் தொடங்குகிறது. அப்போது நிலா நம் பக்கத்திலேயே இல்லை, பூமிக்கு அடியில் இருக்கிறது. சூரியன் மறைகிற நேரத்தில், பாதி விட்டும் விடாமலும் கிழக்கே உதித்து, ஆறே முக்காலுக்கெல்லாம் முழுசாக விடுபட்டுவிடும். அதற்குள் அது மலையைத் தாண்டி இந்த மாடிக்குத் தெரியப்போவதில்லை. மேற்கே பார்த்த சூரிய கிரகணத்தின் நினைப்பில் அவன் கிழக்கே இருக்கிற மலையை மறந்துவிட்டான், பிறந்ததிலிருந்து அதன் அடியிலேயே கிடக்கிறவன். கேட்கிற ஆளுக்குத்தானே சொல்ல முடியும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள். "அத்தே, இங்க இருந்து கிரகணம் தெரியவே தெரியாது. மலை மறைச்சுடும்."

"மலைக்கு அந்தாண்ட இருந்தா இன்னா, இந்தாண்ட இருந்தா இன்னா? புடிச்சது புடிச்சதுதான்" என்றாள் எல்லம்மாள்.

பௌர்ணமியன்று இளஞ்செழியன் பள்ளிக்குப் போயிருந்தான், பர்மிஷன் போட்டுவிட்டுச் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. மூன்று மணி இருக்கும். "அபி, சரக்கு ரூம்ல சுக்குப்பொடி டப்பா இருக்கும், பாரேன்" என்றாள் எல்லம்மாள். அபிநயா உள்ளே போனாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தபோதுதான் அறை தயாராக இருப்பது தெரிந்தது. தண்ணீர் பாட்டில் கட்டுகளை ஒதுக்கிப் பாய் விரித்து, தலையணை போட்டிருந்தது. சொம்புத் தண்ணீரில் அருகம்புல் மிதந்தது. மூலையில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. மேற்குப் பார்த்த ஜன்னல் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. காலையில் மாமியார் பசை காய்ச்சியபோது, வெயிலுக்கு ஒட்டுகிறாள் என்று நினைத்து அதைக் கலக்கிக் கொடுத்தவளே அபிநயாதான்.

"அத்தே! கதவைத் தொறங்க!"

"சாயங்காலம் தொறக்கறேன். கம்முனு படுத்துக்க. நகத்தைக் கிகத்தைக் கடிக்காத. ஊக்கு இருந்தா கழட்டிப் போட்டுடு."

"போனையாவது குடுங்க."

"போன்ல கதிரு வரும்."

இந்த ஊர்ப் பெரிய கோவிலில் கிரகணத்துக்கு நடை சாத்துகிற வழக்கம் கிடையாது. மற்ற ஊர்களில் சாமிக்கே கதவடைக்கிற நேரத்தில் இங்கே கோவில் திறந்திருக்கும், தீர்த்தவாரி நடக்கும். அண்ணாமலையாரே திறந்த கதவோடு இருக்கிற ஊரில், பிஸ்கட் பெட்டிகளோடு ஒரு பிசிக்ஸ் டீச்சரைப் பூட்டிவைத்திருக்கிறார்கள். வேறு யாருக்காவது நடந்திருந்தால் அபிநயா சிரித்திருப்பாள். இப்போது மூச்சுதான் முட்டியது. கதவைக் கொஞ்ச நேரம் தட்டினாள். வயிற்றில் அதிரும் என்று பயந்து நிறுத்தினாள்.

காகிதத்தில் எங்கோ ஓர் ஊசிமுனை ஓட்டை. அதன் வழியே வந்த வெயில் எதிர்ச் சுவரில் சின்ன வட்டமாக விழுந்தது. அது வெறும் வெளிச்சப் பொட்டு இல்லை, சூரியனின் உருவமே அதுதான் என்று அவளுக்குத் தெரியும். சூரிய கிரகணமாக இருந்தால் அந்த வட்டமும் ஓரத்தில் கடிபட்டுத் தெரியும். இன்றைக்கு முழுசாக இருந்தது. சூரியன் ஒரு பக்கம், தான் நிற்கிற பூமி நடுவில், காலுக்கு அடியில் எங்கோ நிலா. மூன்றும் ஒரே கோட்டில். பாயில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். இந்தச் சிமெண்ட்டுக்கும் மண்ணுக்கும் கல்லுக்கும் அந்தப் பக்கம், இந்த நேரம் நிலா சிவந்துபோய்க் கிடக்கும். அதன்மேல் விழுந்திருப்பது பூமியின் நிழல். இந்த வீடு, இந்தப் பூட்டு, வாளி எல்லாம் சேர்ந்த நிழல்.

வெகுநேரம் அடக்கிப் பார்த்துவிட்டு வாளியைத்தான் பயன்படுத்தினாள். கதவுக்கு வெளியே மாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்த சத்தம் கேட்டது. அவமானத்தில் காது சுட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தவள், யாரும் சொல்லாமலே, தாலிக் கயிற்றில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்தாள். இதில் ஒன்றுமில்லை என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய். இருந்தாலும். அந்த ஊக்கை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, தன்மேலேயே வெறுப்பாக உட்கார்ந்திருந்தாள்.

இளஞ்செழியன் வந்தபோது சுவர் வட்டம் மேலே ஏறி மஞ்சளாகியிருந்தது. வாசலில் ஆட்கள் பேசுவது கேட்டது.

"யம்மா, சாவியக் குடும்மா."

"ஆறே முக்காலுக்குக் குடுக்கறேன்."

"மேல ஜனங்க வந்து நிக்குது. பத்திரிகைக்காரர் வேற வந்திருக்காரு."

"அவரா புள்ள பெறப் போறாரு?"

"பூட்டை ஒடைப்பேன்."

"ஒடை. உங்கப்பா வாங்கன பூட்டு. ஒடை."

அவன் உடைக்கவில்லை. கதவில் வாயை வைத்து, "அபி, நீயே சொல்லு. வெளிய வரேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு" என்றான்.

"உள்ளாறவே இருக்கேன்னு சொல்லு அபி. சொல்லும்மா" என்றாள் எல்லம்மாள்.

அபிநயா வாயைத் திறந்தாள். வெளியே வருகிறேன் என்றால், கையில் இட்லித் தட்டோடு ஊர் முன்னால் வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளேயே இருக்கிறேன் என்றால், இந்த வாளியைத் தானே கேட்டு வாங்கியதாக ஆகிவிடும். அவள் விரும்பியது இரண்டுமில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, ஸ்கூட்டியைத் துடைத்து எடுத்து, தனியாக ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். அந்தப் பதிலை வைக்க அந்தச் சண்டையில் இடமே இல்லை. பேசாமல் இருந்தாள்.

"தூங்கறா போல" என்றாள் எல்லம்மாள், ஜெயித்தவள் மாதிரி. இளஞ்செழியனின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் ஏறிப் போனது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "தூங்கறியா?"

"இல்ல."

"என்மேல கோவமா கீறியா?"

எல்லம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"எண்பதாம் வருஷம். இதே மாசி மாசம். பட்டப்பகல்ல சூரிய கிரகணம் புடிச்சுது. செழியனுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு, அவனுக்கே நான் சொன்னதில்ல. ஏழாம் மாசம் அப்ப. மாமனாரு கொழம்பு வேணும்னாரு. கிரகணத்துல அரியக்கூடாதுனு தெரியும், பயந்துகினு அருவாமனையில கத்திரிக்கா அரிஞ்சேன். பொறந்தப்ப மேலுதடு ரெண்டா பொளந்திருந்துச்சு. பால் சப்பத் தெரியல. பஞ்சுல நனைச்சு நனைச்சு வுட்டேன். தங்கல."

அபிநயா எழுந்து வந்து கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். தன் குழந்தை போன பிறகு, கருவில் என்னென்ன தவறிப்போகும் என்பதையெல்லாம் அவள் தேடித் தேடிப் படித்திருந்தாள். யாருக்கும் சொல்லாமல் படித்தது. முதல் தடவையாக அதற்கு ஒரு வேலை வந்தது.

"அத்தே, நான் சொல்றத கேளுங்க. கொழந்தைக்கு ஒதடு சேர்றது ரெண்டாம் மாசத்துலயே முடிஞ்சுடும். நீங்க ஏழாம் மாசம் கத்திரிக்கா அரியறப்ப, அந்தப் புள்ளைக்கு ஒதடு ஏற்கெனவே அப்படித்தான் இருந்துச்சு. எப்பவோ நடந்து முடிஞ்சுபோனது."

நாற்காலி கிரீச்சிட்டது. "ரெண்டாம் மாசத்துலயேவா?"

"ஆமா."

"அப்ப கத்திரிக்கா இல்லியா?"

"கத்திரிக்காயும் இல்ல, கிரகணமும் இல்ல. நீங்களும் இல்ல அத்தே."

வெளியே முந்தானையில் மூக்கைச் சிந்துவது கேட்டது. மறுபடியும், மறுபடியும். நாற்பத்தாறு வருஷம் ஒரு பெண் நான்கு கத்திரிக்காயைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள், புருஷனுக்கும் தெரியாமல், பிள்ளைக்கும் தெரியாமல். அபிநயாவுக்குக் கண் நிறைந்தது. வெளியே இடுப்புச் சாவிக் கொத்து குலுங்கியது. எல்லம்மாள் எழுந்துவிட்டாள். சாவி பூட்டைத் தொடும் சத்தத்துக்காக அபிநயா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இருந்தாலும்," என்றாள் எல்லம்மாள், "ஆறே முக்கால் வரைக்கும் இருந்துடு கண்ணு."

அபிநயாவால் கோபப்பட முடியவில்லை. அவள் உள்ளங்கையில் ஊக்கு அப்படியே இருந்தது.

சுவர் வட்டம் சிவந்து, மங்கி, இல்லாமல் போனது. சூரியன் மறைந்தாயிற்று. அப்படியென்றால் மலைக்கு அந்தப் பக்கம் நிலா வந்திருக்கும். அவளுடைய அம்மா வீட்டு வாசலில் இந்நேரம் கடிபட்ட நிலா வரப்பிலிருந்து எழுந்து நிற்கும். இங்கே அறை முழுக்க இருட்டு. மாடிச் சத்தம் ஜன்னல் வழியாகத் தெளிவாக இறங்கியது.

"சார், நிலா எங்க சார்?"

"வரும், வரும். உதயம் ஆயிடுச்சு, நெட்லயே போட்டிருக்கு."

யாருடைய போனிலோ பாங்கு ஒலித்தது. ரம்ஜான் மாதம், ஜியாவுல்லா நோன்பு. சட்டைப்பையிலிருந்த பேரீச்சம்பழத்தை அவர் வாயில் போட்டிருக்க வேண்டும், பத்திரிகைக்காரரின் குரல் உற்சாகமாக எழுந்தது.

"கிரகணத்துல சாப்பிடற மொத ஆளு நீங்கதான் பாய். ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"நான் நோன்பு தொறக்கறேங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் ஜியாவுல்லா. தண்ணீர் குடித்தார். பிறகு யோசனையாக, "செழியா, கெழக்கால மலை இருக்குதே" என்றார்.

"மலையா?"

"மலைதான். ரொம்ப நாளா இங்கதான் இருக்குது."

யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும். படியில் கால்கள் இறங்கத் தொடங்கின. பாவம், இளஞ்செழியன் நிழலைப் பற்றியும் பூமியைப் பற்றியும் ஏதோ விளக்கிக்கொண்டே இருந்தான். இட்லி மட்டும் செலவாகியிருக்கும்.

அபிநயாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. ஒருத்தி கிரகணத்துக்குப் பயந்து பூட்டுகிறாள், ஒருவன் கிரகணத்தைக் காட்டக் கூட்டம் கூட்டுகிறான். கிரகணமோ இரண்டு பேரையும் மதிக்காமல் மலைக்கு அந்தாண்டையே முடிந்து போகிறது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் வயிற்றுக்குள் ஒன்று நிற்கவில்லை. பால் பொங்குவதற்கு முன்னால் வரும் முதல் குமிழி மாதிரி, அடிவயிற்றில், இடது பக்கம். சிரித்ததால்தான் என்று நினைத்தாள். அசையாமல் இருந்து பார்த்தாள். மறுபடியும் வந்தது. இந்த முறை உள்ளிருந்து விரலால் சுண்டியது போல.

"அத்தே" என்று கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

சொன்னால் என்ன ஆகும்? பார்த்தியா, பூட்டி வெச்சதாலதான் புள்ள பத்திரமா கீது என்பாள் இவள். பார்த்தாயா அம்மா, கிரகண நேரத்திலேயே குழந்தை அசைந்திருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேனே என்பான் அவன். நாளைக்குப் போஸ்டரில் வரும். அடுத்த கிரகணத்துக்கு ஊரிலுள்ள மருமகள்களையெல்லாம் இதைச் சொல்லியே பூட்டுவார்கள். வாழ்க்கையில் அவள் இவ்வளவு வேண்டிக் காத்திருந்தது வேறெதுவும் இல்லை. அது வந்த நிமிஷத்திலேயே இரண்டு பேரில் ஒருவருக்குச் சாட்சியாகப் போய்விடும். கூரை பிய்ந்து போகிற மாதிரிக் கத்த வேண்டும் போல் இருந்தது. இருட்டில் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் உட்கார்ந்திருந்தாள்.

பூட்டு திறந்தது. ஹால் வெளிச்சத்தில் எல்லம்மாள் வீங்கிய கண்ணோடு நின்றாள். "வெந்நி போட்டு வெச்சிருக்கேன், தலைக்கு ஊத்திக்க. வவுத்துல ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல அத்தே."

இளஞ்செழியன் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தான். பேனர் சுருட்டி மடியில் இருந்தது. அவன் பின்னால், வாசலுக்கு மேலே மலை கறுப்பாக நின்றது. அதன் விளிம்பில் வெளிச்சம் கசிந்தது, நிலா இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அன்னிக்கு மலையைப் பத்திச் சொல்லத்தான் வந்தியா?"

"ஆமா."

அவன் தலை குனிந்தது. மெல்லக் கேட்டான். "நான்தான் கேக்கல. வேற ஏதாச்சும் சொல்லணுமா அபி?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றில் மறுபடியும் சுண்டியது.

"இல்லீங்க" என்றாள்.

குளியலறைக்குள் போய், உள்தாழ்ப்பாளைப் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்ட பிறகுதான் வயிற்றைக் குனிந்து பார்த்து, "வந்துட்டியா" என்று அழுதாள். அன்றைக்கு அவளாகச் சாத்திக்கொண்ட ஒரே கதவு அதுதான்.